பட்டம் வேறு, பதிவு வேறு

(ஆலங்குடியில் நடந்த உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

டாக்டர், இன்ஜினீயர் என்று கேட்டே பழகிய நம் காதுக்கு இப்போது ‘சைக்காலஜி படிக்கப் போகிறேன்’ என்ற சொல்லும் விழுகிறது. பெண் பிள்ளைகள் அதிகம் சொல்கிறார்கள். நல்ல ஆசைதான். மனம் நொந்து கிடப்பவருக்குத் துணை நிற்பது பெரிய நன்மை. ஆனால் பீஸ் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் துறையில் பட்டம் வேறு, பதிவு வேறு. சட்டம் படித்தவர் பார் கவுன்சிலில் பதிந்த பிறகுதானே வக்கீலாக கோர்ட்டில் வாதாட முடிகிறது? இங்கும் அப்படித்தான்.

முதலில் யார் யார் என்று பிரித்துப் பார்ப்போம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தருபவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதமாட்டார். அவர் மனநிலையைச் சோதித்து அறிந்து, பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருபவர். நோயாளியின் வீடு, வேலை, சுற்றம் இவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர் மனநல சமூகப் பணியாளர். இவர்களைத் தவிர கவுன்சலர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பேச்சில் எல்லோரையும் ‘கவுன்சலிங் டாக்டர்’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமானால் பி.எஸ்ஸி. சைக்காலஜி போதாது. எம்.எஸ்ஸி. மட்டும் முடித்தாலும் போதாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. முதுகலைக்குப் பிறகு, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். படித்திருக்க வேண்டும். அல்லது ஆர்.சி.ஐ. என்னும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்றுக்கொண்ட வேறு தகுதி இருக்க வேண்டும். புதிய கல்விக் கொள்கையை ஒட்டி இந்தப் படிப்புகளின் பெயரும் அமைப்பும் மாறி வருகின்றன. ஆனால் ஆர்.சி.ஐ. ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை.

படிப்பு முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. 1992ஆம் ஆண்டின் ஆர்.சி.ஐ. சட்டப்படி மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவு எண் வாங்காமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

‘நான் கிளினிக்கல் பக்கம் போகவில்லை, கவுன்சலராக இருந்தால் போதும்’ என்று சில பிள்ளைகள் சொல்வீர்கள். அந்தக் கதவிலும் இப்போது காவல் வந்துவிட்டது. 2021இல் துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. நடத்தை நலம் சார்ந்த உளவியலாளர்கள், நல ஆலோசகர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள் எல்லோரும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். சுகாதாரத் தொழிலர் என்று பெயர் பெற, குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பை அந்தச் சட்டம் கேட்கிறது. பதிவேடு வைப்பது மாநில கவுன்சில்களின் பொறுப்பு. இந்த ஏற்பாடுகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. இன்று கல்லூரியில் சேரும் பிள்ளை பட்டம் வாங்கி வெளியே வரும்போது விதி இன்னும் இறுகியிருக்கும் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

இன்னொரு முக்கியச் செய்தி. சைக்காலஜி உள்ளிட்ட சுகாதாரப் படிப்புகளில் தபால் வழியாகவோ ஆன்லைனிலோ மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. 2025 ஜூலை - ஆகஸ்ட் பருவத்திலிருந்து இது நடப்பில் உள்ளது. ‘வீட்டிலிருந்தே படிக்கலாம், வெளியூர் அனுப்ப வேண்டாம்’ என்று நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாத, ஆறு மாத டிப்ளமோ சான்றிதழை மாட்டி வைத்துக்கொண்டு சிகிச்சை தருவதற்கும் வழியில்லை.

சட்டம் ஏன் இவ்வளவு கெடுபிடி செய்கிறது? பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அங்கே அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் வேறு வழி தெரியாத குடும்பத்தார். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அறவே தடை செய்கிறது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துக் கேடு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. ஆக, பதிவு என்பது வெறும் சர்க்கார் காகிதமல்ல. அது ஓர் அமானிதம்.

ஆகவே கல்லூரிக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிப்பு எந்தக் கவுன்சிலின் ஒப்புதல் பெற்றது? முடித்தால் என்ன பெயரில் பதிவு கிடைக்கும்? பயிற்சி எந்த மருத்துவமனையில்? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் இடம் குறைவு, போட்டி அதிகம். பி.எஸ்ஸி. மூன்றாண்டு, எம்.எஸ்ஸி. இரண்டாண்டு, எம்.ஃபில். இரண்டாண்டு, ஆக ஏழு ஆண்டு. சபுரில் இருக்கும் அத்தா அனுப்பும் பணத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். திருமணப் பேச்சு வரும்போது படிப்பைப் பாதியில் நிறுத்தினால் கையில் பட்டம் இருக்கும், பதிவு இருக்காது.

ஏற்கெனவே எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். அந்தப் படிப்பு வீணாகவில்லை. தகுதியானவரின் மேற்பார்வையில் வேலை பாருங்கள், மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்குத் தயாராகுங்கள். இல்லாத பட்டத்தைப் பெயர்ப்பலகையில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சிகிச்சைக்காக யாரைத் தேடிப் போனாலும் நீங்களும் ‘உங்கள் பதிவு எண் என்ன?’ என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அவசரத்துக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவராவது முறையாகப் படித்து, முறையாகப் பதிந்து, நம் பகுதி மக்களுக்கே பணி செய்ய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.