கரியின் நுண்துளைகளும் கரியமில வாயுவும்

(மும்பை மாட்டுங்காவில் மாணவர்கள், அரசு அலுவலர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



இங்கிருந்து செம்பூரைக் கடந்து சென்றால், மாகுல், டிராம்பே பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் அனல்மின் நிலையமும் அருகருகே நிற்கக் காணலாம். இத்தகைய ஆலைகளின் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்க முடியுமா என்பது அறிவியல் வினா. எங்கே தொடங்கினால் செலவு கட்டுப்படியாகும் என்பது பொருளாதார வினா. 2070-க்குள் நிகரப் பூச்சிய உமிழ்வை எட்டுவதாக 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தபின், இரண்டாம் வினாவைத் தள்ளிப்போட இயலாது.

அமைன் கரைசல் இவ்வாயுவை நன்கு பற்றிக்கொள்ளும். ஆயினும், பற்றியதை விடுவிக்கக் கரைசலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அவ்வெப்பத்திற்கான செலவே பெருஞ்சுமையாகிறது.

நுண்துளைக் கரியின் இயல்பு வேறு. தேங்காய்ச் சிரட்டைக் கரியை உயர்வெப்பத்தில் நீராவியால் பக்குவப்படுத்தினால் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டரையும் தாண்டக்கூடும். வாயு மூலக்கூறுகள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பிடிப்பு மென்மையானதாதலால், அழுத்தத்தைக் குறைத்ததும் விடுபடுகின்றன.

இம்மென்மையே அதன் குறையுமாகும். நிலக்கரிப் புகையில் கரியமில வாயு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடே. வெப்பமும் ஈரமும் கரியின் பிடிப்பை மேலும் தளர்த்துகின்றன. புகையைக் குளிர்விக்கவும் உலர்த்தவும் மின்சாரம் செலவாகும். மாறாக, சாணத்திலிருந்தும் நகரக் கழிவிலிருந்தும் கிடைக்கும் உயிர்வாயுவில் அது 30 முதல் 45 விழுக்காடு வரை உள்ளது. அதனை நீக்கினால் எஞ்சும் மீத்தேன் விலைபோகும் எரிபொருள். அழுத்தத்தை ஏற்றி இறக்கும் முறையில் இத்தகைய கரி இப்பணிக்கு ஏற்கெனவே பயன்படுகிறது. 2018-இல் தொடங்கப்பெற்ற ‘சதத்’ திட்டம் அவ்வெரிபொருளை எண்ணெய் நிறுவனங்கள் கொள்முதல் செய்ய வழிவகுத்தது.

வாங்குவோர் அருகிருப்பதன் பயனைத் தூத்துக்குடி காட்டிற்று. அங்குள்ள கார இரசாயன ஆலையில் 2016-இல், கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைக் கரைசல் முறையில் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கும் ஏற்பாடு செயலுக்கு வந்தது.

எனினும், பிடிப்பது வேறு. நிலையாக ஒதுக்கிவைப்பது வேறு. யூரியாவில் சேர்ந்த வாயு வயலில் இட்டதும் காற்றுக்கே திரும்புகிறது. சிரட்டை சுடும் குழிகளின் புகையும் கணக்கில் சேரவேண்டும்.

2022-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் இத்துறைக்கெனத் தேசிய உயராய்வு மையம் அமைந்தது. ஆய்வாளர் ஒரு கிராம் கரி எவ்வளவு வாயுவைப் பற்றும் என அளக்கட்டும். திட்டமிடும் நாம், நிகரமாகக் குறைந்த ஒவ்வொரு டன்னுக்கும் எத்தனை ரூபாய், எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்று கேட்போம். அவ்விரு கணக்குகளும் ஒத்துவரும் இடத்திலேயே பொதுப்பணத்தை முதலில் இடுதல் முறையாகும்.