கையறிவும் கோயிலறிவும்
(விழாச் சிறப்புரையின் எழுத்து வடிவம்)



மக்கட்கு அறுதொழில் கற்பித்தவர் ஆதிபகவன் என்பது நம் மரபு. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் அவ்வாறனுள், வித்தைக்கு நிகராகவே சிற்பமும் எண்ணப்பட்டது. ஒரு கோயில் எவ்வாறு ஆக்கப்பட்டது என்று அறிந்தவரே அக்கோயிலை முழுதும் அறிந்தவர் ஆவர்.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. வேண்டாத கல்லை நீக்குவதே அங்குச் சிற்பியின் தொழில். திருவாரூர்ச் சீமையிலோ குன்றுகள் இல்லை. எங்கும் காவிரி தந்த வண்டலே. எனவே மண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கி, அடுக்கி எழுப்புவதே இங்குத் தொழிலாயிற்று. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருவாரூர் அறநெறிக் கோயிலைக் கற்றளியாக்கினார். கல் தொலைவிலிருந்து வரவேண்டும் என்பதை உணர்ந்தவர்க்கே அத்திருப்பணியின் அருமை விளங்கும்.

தீபங்குடி ஆதிநாதர், மன்னார்குடி மல்லிநாதர் ஜினாலயங்கள் நிற்பதும் இவ்வண்டல் நிலத்திலேயே. இந்நிலத்துக் கோயில்களின் மேல்நிலைகள் பெரும்பாலும் செங்கல்லாலும் சுதையாலும் அமைந்தவை. நீற்றிய சுண்ணாம்பில் மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் விட்டு, நெடுநேரம் அரைத்தெடுப்பது காரை. மெல்லிய அடுக்குகளாகப் பூசப்பட்ட காரை, காற்றின் சேர்க்கையால் மெல்ல இறுகிக் கல்லின் தன்மை எய்தும். சுவரில் ஏறிய ஈரத்தையும் வெளியேற விடும். சிமெண்டுப் பூச்சு விரைவில் இறுகும். ஆயினும் அவ்வீரத்தை உள்ளேயே அடைக்கும். நாளடைவில் பழஞ்செங்கல் உப்புப் பூத்துப் பொடியும். ஆறும் குளமும் வயலும் சூழ்ந்த இந்நாட்டில் இக்கேடு பெரிது.

காரைப் பணிக்கு நாளும் பொருளும் மிகுதியாக வேண்டும். நம் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட நிலையில், பணியை விரைந்து முடிக்க எண்ணுவது இயல்பே. எனினும் விரைவின் விலையைச் செலுத்துவது முன்னோர் அடுக்கிய செங்கல் அன்றோ?

ஆதலின், அடுத்த திருப்பணியின்போது நன்கொடை அளிப்பதோடு அமையாமல், என்ன பூசப்படுகிறது என்றும் கேளுங்கள். இளைஞர்கள் ஸ்தபதியாருடனும் கொத்தருடனும் சில நாள் நின்று காரை அரைக்கட்டும். கலவையின் அளவையும் பக்குவத்தையும் எழுதி வைக்கட்டும். ஊரில் ஒரு வீடே எஞ்சினும், அவ்வீட்டார்க்குத் தம் ஜினாலயத்தைக் காக்கும் வழி தெரிந்திருக்கும்.

அறம் வளர்க!