உப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள்

உப்பைக் குறையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறோம். கிட்டல்மேன் நோய்க்குறி உள்ளவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது 1966-இல் முதலில் பதிவான பரம்பரைக் கோளாறு. சிறுநீரகம் உப்பு, பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் பிடித்து வைக்காமல் சிறுநீரில் விட்டுவிடும். ஊறுகாய் மேல் அத்தனை ஆசை வருவது அதனால்தான். கால் பிடித்துக்கொள்ளும், அசதி தள்ளும். "சோம்பேறி" என்று பேரும் வாங்குவார்கள், பாவம்.

மக்னீசியம் மாத்திரையை மொத்தமாகப் போட்டால் வயிற்றுப்போக்காகி, உள்ளதும் போய்விடும். மருத்துவர் சொன்ன அளவைச் சில வேளைகளாகப் பிரித்து, சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். மக்னீசியம் ஏறாவிட்டால் பொட்டாசியமும் எளிதில் ஏறாது.

வாந்தி, பேதி வந்தால் கஷாயம் போட்டுப் பார்க்க நேரமில்லை, இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். இரவு 12 மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். செக்யூரிட்டியிடம் சொல்லி லிஃப்டைக் கீழே நிறுத்தி வையுங்கள்.