ஈரத் தெருவில் நின்று பார்த்தவர்



நம் தோழரின் நினைவு நாளில் மழைநகரத்து ஓவியங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பேனர் எழுதிப் பிழைத்தவர் அவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் படுத்த பிறகு எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு வந்தார். வடசென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையையே கடைசிவரை வரைந்தார். பக்கத்தில் இருந்து நாங்கள் கற்றதைச் சொல்வதுதான் அவருக்கு எங்கள் அஞ்சலி.

மழைத் தெரு என்றதும் ஓவிய வரலாறு நம்மைப் பாரிஸுக்கு அழைத்துப் போகும். 1877இல் குஸ்தாவ் கெய்போத் வரைந்த மழைநாள் தெரு, ஏறக்குறைய 7 அடி உயரமும் 9 அடி அகலமும் கொண்டது. நல்ல உடுப்பு போட்டவர்கள் அதில் குடைபிடித்து நடக்கிறார்கள். 1898இல் கமீய் பிசாரோ, ஓட்டல் ஜன்னலில் இருந்து ஒபேரா சாலையை மழையோடு வரைந்தார். கண் நோய் இருந்ததால் வெளியில் நின்று வரைவது அவருக்குச் சிரமம். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால் மனிதர்கள் சின்னச் சின்னத் தீற்றல்களாகிவிடுகிறார்கள்.

நம் தோழருக்கு ஜன்னல் கிடைக்கவில்லை. தெருவில் நின்றார். ஈரமான தாரை மேலிருந்து பார்த்தால் அதன் கருப்புதான் தெரியும். தாழ நின்று சாய்வாகப் பார்க்கப் பார்க்கத்தான் பிரதிபலிப்பு கூடும். கீழே நிற்பவருக்குத்தான் தெரு கண்ணாடியாகிறது.

முதலில் டர்பன்டைனில் கரைத்த மெல்லிய கருநீலத்தைப் பூசுவார். பிறகு கத்தியால் வண்ணத்தை அள்ளி, விளக்கின் மஞ்சளைச் செங்குத்தாகக் கீழே இழுப்பார். அது ஈரமாக இருக்கும்போதே குறுக்கே லேசாக ஓர் இழுப்பு. வெளிச்சம் உடைந்து தண்ணீராகிவிடும். அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் வெடிக்கும் என்பார். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல வற்றிக் காய்வதில்லை. காற்றின் ஆக்ஸிஜனை வாங்கி இறுகுகிறது. தடித்த பூச்சு மேலே தோல் கட்டினாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

இதோ, மேடையில் இருப்பது அவருடைய ஓவியம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை அருகில் மழை இரவு. சாலை முழுக்கக் கத்தி வேலை. நடுவில் திறந்துகிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழி, அதிலிருந்து மார்பளவு வெளியே தெரியும் ஒருவர். அவர் முகத்தில் மட்டும் தோழர் கத்தியை வைக்கவில்லை. சிறிய பிரஷ்ஷால் நிதானமாக வரைந்தார். தெருச் சேறு தடிப்பாக இருந்தால் அழகு. அந்த மனிதர் மேல் படிந்த கழிவையும் அப்படி அழகாக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

வாங்க வந்த ஒருவர், "மழை அருமையா வந்திருக்கு. அந்த ஆளை மட்டும் எடுத்துட்டா வாங்கிக்கறேன்" என்றார். வீட்டு வாடகை பாக்கி இருந்த மாதம் அது. தோழர் சொன்னார்: "அவர எடுத்துட்டா தண்ணி எப்படி சார் வடியும்?"

ஓவியம் விற்கவில்லை.

மனிதரைக் கழிவில் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அது 30 லட்சமானது. தொகை உயர்ந்திருக்கிறது, இறக்குவது நிற்கவில்லை. 2015 வெள்ளம் வடிந்த பிறகு சென்னையின் சேற்றை அள்ளிய கைகள் யாருடையவை என்று நமக்குத் தெரியும்.

இளம் ஓவியர்களிடம் ஒன்று கேட்கிறோம். மழையை வரையுங்கள், ஆசை தீர வரையுங்கள். அழகு நமக்கும் உரியதுதான். தெருவில் இறங்கி நின்று வரையுங்கள். குழிக்குள் நிற்பவரிடம் முதலில் பேசுங்கள், அவர் சம்மதித்தால் முகத்தோடு வரையுங்கள். அந்தக் குழிக்குள் மனிதரே இல்லாத மழைத் தெருவை உண்மையாகவே வரையும் நாளும் வர வேண்டும். அதற்காகத்தான் இந்த ஓவியத்தை இங்கே வைத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.