தூணும் தோளும்



காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குச் சென்றிருக்கிறீர்களா? கடைக்குக் கடை பழம்பொருள். செதுக்குவேலைக் கதவு ஒருபுறம் சாய்ந்து நிற்கும். பீங்கான் சாடியும் பித்தளை விளக்கும் மறுபுறம் தூங்கும். அண்மையில் அங்கே ஒரு தேக்குத் தூணைத் தொட்டுப் பார்த்தேன். "சோடியாகத்தான் கொடுப்போம்" என்றார் கடைக்காரர். எந்த வீட்டுத் தூண் என்று கேட்டேன். சிரித்தார். அவருக்கு விலை தெரியும். வீடு தெரியவேண்டிய கட்டாயம் இல்லை.

"வட்டியில் வளர்ந்தோர் கட்டிய மாளிகை; விழுந்தால் விழட்டுமே! உழைப்பவனுக்கு அதிலே என்ன ஒப்பாரி?" என்று தோழர் ஒருவர் கேட்டார். கல்லூரியைப் பாதியில் விட்டு மேடைக்கு ஓடிவந்த நாளில் நானும் அப்படித்தான் முழங்கினேன். இன்று முழங்கமாட்டேன்.

தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது; பணம் செட்டியாருடையது. சரி. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்து, சுவரைக் கண்ணாடியாய் இழைத்த கை யாருடையது? ஆத்தங்குடியிலே, கண்ணாடித் தகட்டின்மேல் சாயம் ஊற்றிப் பூவும் கொடியும் மலரவைத்து, மணலும் சிமெண்டும் இட்டுத் தளக்கல் வார்க்கும் கை யாருடையது? நான் கண்ட முகப்புகளில் திருமகள் இருக்கிறாள். கொத்தனார் பெயர் இல்லை!

மறுபக்கத்தை மறைத்துப் புகழ்பாடுவதும் நமக்கு அழகன்று. 1930-இல் நெல்விலை சரிந்தது. கடன்பட்ட பர்மிய உழவரின் நிலம் கைமாறிற்று. 1938 வாக்கில் கீழ்ப்பர்மா விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1942-இல் சப்பானியப் படை புகுந்தது. 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கப் பர்மா சட்டம் இயற்றிற்று. வருவாய் வற்றியது, வளவு வெறிச்சோடியது. ஒரே தூணில் பர்மிய உழவனின் கண்ணீர், தமிழ்க் கொத்தனின் வியர்வை, கடல்கடந்த வணிகனின் துணிவு! அதைப் பெயர்த்துச் சென்று ஏதோ ஓர் உல்லாச விடுதியில் நட்டால் அழகாகத்தான் நிற்கும். வாய் திறக்காது.

இடிப்பவரை ஏசிப் பயனில்லை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர்; ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றவும் எல்லாரும் ஒப்பவேண்டும். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல், ஒழுகும் கூரையை அடைக்காது.

கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய நூல், இதழ், நாடக நோட்டீசு வரை அச்சான தாளையெல்லாம் சேர்த்தார். 1992-இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. இன்று அது சென்னையிலே ஆராய்ச்சி நூலகம். நாடகம் எழுதுகிறவன் நான். அந்த நோட்டீசு எனக்குத் தங்கம்! ஊரார் கிழித்தெறிந்த தாளை அவர் எடுத்து வைத்தார்.

உங்கள் ஊரில் ஒரு வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள் என்று கேட்டால், லாரி வருமுன் நோட்டுப் புத்தகத்தோடு செல்லுங்கள். கட்டியவர் யார், பூசியவர் யார், பின்கட்டில் புகைக்குள் நின்று சமைத்தவர் யார், உள்ளே வரவிடாமல் நிறுத்தப்பட்டவர் யார்? கேட்டு எழுதுங்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள் அவை. முகப்பைப் படம்பிடிக்கப் பலர் வருகிறார்கள். நீங்கள் பின்வாசல் தெருவில் தொடங்குங்கள். பழைய கொத்தனாரின் மகனோ பேரனோ அங்கே இருக்கக்கூடும்.