எந்த வயதில் ஆங்கிலம்?



சாவித்திரிபாய் பூலே நினைவுச் சொற்பொழிவு என்றதும் பெண்கல்வி பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். நம் கூட்டங்களில் நிலம், சுடுகாடு, வன்கொடுமை வழக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு, யாராவது ஒரு தாய் ஓரமாக வந்து கேட்பார்: “பிள்ளைய எந்த வயசுல இங்கிலீசுல போடணும்?” இதற்கு நாம் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. ஒருவர் தாய்மொழிக் கல்வி என்பார். இன்னொருவர் ஆங்கிலமே விடுதலை என்பார். அந்தத் தாயோ நகையை அடகு வைத்து எல்.கே.ஜி. கட்டணம் கட்டப் போய்விடுவார்.

இரண்டரை வயதில் தொடங்கினால்தான் நாக்கு திரும்பும் என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்குவோம். இதற்கு ஒரு அறிவியல் வேர் உண்டு. எரிக் லென்னபெர்க் 1967இல் எழுதிய நூலில், மொழியை இயல்பாகப் பெற மூளைக்கு ஒரு பருவம் உண்டு, அது பூப்பெய்தும் வயதோடு முடிகிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் அந்த எல்லையை நகர்த்தின. 2018இல் இணையம் வழியாக ஏறக்குறைய ஆறு லட்சத்து எழுபதாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு, ஆங்கில இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் பதினேழு வயதுவரை பெரிதாகக் குறையவில்லை என்றது. அந்த மொழியிலேயே பிறந்தவர் போல ஆக வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் தொடங்க வேண்டும் என்றும் அதே ஆய்வு சொன்னது. உச்சரிப்பில் சிறு வயதுக்கு லாபம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வேகத்தில்? 1978இல் வெளிவந்த ஒரு ஆய்வு, நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலம் பேசுவோர் டச்சு மொழி கற்பதைக் கவனித்தது. முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். ஆண்டு முடிவில் முன்னால் நின்றவர்கள் எட்டு முதல் பத்து வயதினரும் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதினரும். எல்லாத் தேர்வுகளிலும் கடைசியாக இருந்தவர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்! ஸ்பெயினின் பார்சிலோனாவில் எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். அதே அளவு பாடநேரம் முடிந்தபோது, பிந்தித் தொடங்கியவர்களே பெரும்பாலான தேர்வுகளில் முந்தினார்கள்.

ஏன் என்று யோசித்தால் புரியும். சின்னக் குழந்தை மொழியைக் காதால், நாள் முழுக்க, விளையாட்டில் வாங்குகிறது. அதற்கு வேண்டியது வெள்ளமாக மொழி. நம் பள்ளியில் நாளுக்கு நாற்பது நிமிடம் ஆங்கில வகுப்பு என்று வையுங்கள். 220 நாள் நடந்தால் ஆண்டுக்கு 147 மணி நேரம் வரும். லண்டனில் குடியேறிய குழந்தை நாளுக்குப் பத்து மணி நேரம் ஆங்கிலத்தில் புழங்கினால், பதினைந்தே நாளில் அதைத் தாண்டிவிடும். அந்தக் குழந்தையைக் காட்டி இந்தக் குழந்தைக்குக் கட்டணம் வசூலிக்கிறார்கள். ஒரு ஆளுக்குப் பின்னால் நாற்பது பேர் பாட்டை ஒப்பிப்பதுதான் இங்கே பல இடங்களில் எல்.கே.ஜி. ஆங்கிலம். பெரிய பிள்ளைக்கோ ஏற்கெனவே ஒரு மொழியில் படிக்கவும் எழுதவும் தெரியும், விதியைச் சொன்னால் புரியும். குறைந்த நேரத்தில் கற்க அது பெரிய முதல்.

நம்முடைய கதையும் அப்படித்தான். ஜோதிராவ் பூலே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டுத் தோட்ட வேலைக்குப் போனவர். மறுபடி 1841இல் புணேயில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய பதினான்கு. அங்கே ஆங்கிலம் கற்றார், தாமஸ் பெய்னைப் படித்தார். 1873இல் மராத்தியில் எழுதிய ‘குலாம்கிரி’க்கு முன்னுரையை ஆங்கிலத்தில் எழுதினார், நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1882இல் ஹண்டர் குழுவின் முன் சூத்திர, ஆதிசூத்திரப் பிள்ளைகளின் கல்விக்காக மனு வைத்ததும் ஆங்கிலத்தில்தான். ஒன்பது வயதில் மணமாகி வந்த சாவித்திரிபாய் அதற்குப் பிறகே எழுத்தறிந்தார். 1848இல் பெண்கள் பள்ளியின் ஆசிரியை. 1854இல் ‘காவ்ய பூலே’. அதில் ஆங்கிலம் கற்கச் சொல்லும் பாடல்கள் உண்டு. எழுதியது மராத்தியில். இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘தாய்மொழியில் தொடங்கு’ என்ற நல்ல அறிவுரை நம் பிள்ளைகளிடம் வரும்போது வேறு உருவம் எடுக்கிறது. எந்தத் தாய்மொழி? காலனியிலிருந்து வரும் பிள்ளை வாயைத் திறந்ததும் ‘ஒழுங்காப் பேசு’ என்று வாத்தியார் சொல்கிறார். வீட்டுத் தமிழ் அவமானமாகிறது. பாடப்புத்தகத் தமிழே அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது மொழி. முதல் மொழியில் வாயடைத்த குழந்தையிடம் எந்த வயதில் ஆங்கிலம் வைத்தாலும் ஏறாது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழியில் என்கிறது. தன் பேரனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இதை நமக்கு எடுத்துரைப்பவர்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மொழியைத் தடுப்பது பழைய பழக்கம். அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விடப்படவில்லை, பாரசீகம் எடுத்தார். பின்னாளில் சமஸ்கிருதத்தைத் தாமே கற்றார். அந்தக் கல்வியைக் கொண்டே சாத்திரங்களைப் பிரித்துப் போட்டார். அவர் சமஸ்கிருதத்தைத் தொடங்கியதும் குழந்தைப் பருவத்தில் அல்ல.

ஆகவே அந்தத் தாய்க்கு என் பதில் இது. முதல் இரண்டு மூன்று ஆண்டு, பிள்ளை தன் பேச்சிலேயே கூசாமல் பேசி, தமிழைத் தடங்கலின்றிப் படிக்கட்டும். ஆங்கிலம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே காதில் விழட்டும். கதையாக, பாட்டாக, மதிப்பெண் இல்லாமல். எட்டிலிருந்து பதினாறு வயதுவரைதான் அதில் அழுத்தம் வேண்டும். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

அமைப்புகளுக்குச் சொல்ல வேறு உண்டு. ஆங்கிலவழியா தமிழ்வழியா என்று பலகையை மாற்றுவதோடு கோரிக்கை நின்றுவிடக் கூடாது. ஒரே ஆசிரியர் இரண்டு வழிக்கும் போகிற பள்ளியில் பலகை என்ன செய்யும்? மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்புக்கு மேல் ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்துக்கென்றே படித்த ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா, எத்தனை மாதமாக? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். விடுதிகளில் மாலையில் ஒரு மணி நேரம், வாய்விட்டுப் பேசும் வகுப்பு. இதை மாணவர்களே நடத்தலாம்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் தமிழ்வழி மாணவர்களுக்கு. கல்லூரியில் முதல் வாரமே, ‘இனிமே உங்களுக்கு வராது’ என்று சொல்லியிருப்பார்கள். உங்களுக்குப் பதினெட்டு வயது. பதினான்கில் தொடங்கிய ஜோதிராவை விட நான்கு வயது கூடுதல், அவ்வளவுதான். உச்சரிப்பில் ஊர் வாடை இருக்கும், இருக்கட்டும். படிப்பதற்கும், வாதாடுவதற்கும், மனு எழுதுவதற்கும் வேண்டிய ஆங்கிலத்துக்கு வயது தடை என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. நாளைக்கு அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ ஆங்கில மூலத்தையும் தமிழாக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் படியுங்கள். மறுநாள் அடுத்த பக்கம்.