புகையைப் பார்த்து நோயைச் சொல்லலாம்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. இன்றைக்கு நான் பேச வந்தது எஞ்சினில் வருகிற புகையைப் பற்றி. "வழக்கமா போசாக்கு, தடுப்பூசின்னு பேசுற ஐயா இன்னைக்கு கராஜ் வேலை பேசுறாரே" என்று சிலர் சிரிக்கிறீங்க. சிரிங்க. ஆனா கடைசி வரைக்கும் கேளுங்க. இதுவும் பிள்ளைகளின் உயிரைப் பற்றிய பேச்சுத்தான்.

போன மார்கழி விடுமுறைக்கு என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா வாழ்க்கைப்பட்டது திருகோணமலைப் பக்கம் கட்டைபறிச்சானில். மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகிற வழியில் உள்ள ஊர். 2006ஆம் ஆண்டு யுத்தத்தில் அந்தப் பக்கத்துச் சனம் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து ஒவ்வொரு சாமானாகச் சேர்த்த குடும்பங்கள். அத்தான் கடல் தொழில். பத்து வயது மருமகனுக்கு, மண் ரோட்டில் ஓட்டுகிற சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கிக் கொடுத்திருந்தார்.

நான் போன அன்று அந்த வண்டி நீல நிறமாகப் புகை கக்கியது. முற்றமே தெரியவில்லை. கராஜில் காட்டியதற்கு "பிஸ்டன் போயிட்டுது, எஞ்சினைக் கழற்ற வேணும்" என்று சொல்லிவிட்டார்களாம். பையன் முகம் சுருங்கிப் போய் இருந்தான்.

நான் அத்தானிடம், "பெற்றோலுக்கு என்ன ஊத்துறீங்க?" என்று கேட்டேன். "போட் எஞ்சினுக்கு ஊத்துற மாதிரித்தான் மச்சான், ஒயில் கலந்து ஊத்துறன். புகை வந்ததும் ஒயில் காணாதெண்டு கீழயும் கொஞ்சம் ஊத்தினன்" என்றார். நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது.

எஞ்சினில் இரண்டு சாதி உண்டு. ஒன்று டூ ஸ்ட்ரோக். இதற்குப் பெரும்பாலும் தனியாக ஒயில் தொட்டி இருக்காது. பெற்றோலோடு கலந்து வருகிற ஒயில்தான் உள்ளே பிஸ்டனுக்கு வழுவழுப்பு கொடுக்கிறது. பழைய போட் எஞ்சின், நம்ம தோட்டத்துப் புல்லு வெட்டுகிற மெஷின், மருந்தடிக்கிற மெஷின் பலவும் இந்தச் சாதி. மற்றது ஃபோர் ஸ்ட்ரோக். இதற்கு எஞ்சினின் அடிவயிற்றில் தனி ஒயில் உண்டு. பெற்றோல் தொட்டியில் சுத்தமான பெற்றோல் மட்டும்தான் ஊற்ற வேண்டும். சின்னப் பிள்ளைகளின் வண்டியில் 49 சிசி சாதி பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக், 70, 110 சிசி வண்டிகள் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். எஞ்சினின் கீழ்ப்பக்கத்தில் ஒயில் அளவுக் குச்சியோ ஒயில் மூடியோ இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக் என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். மருமகனின் வண்டி 110 சிசி.

பெற்றோலைக் காலி பண்ணிப் புதுசு ஊற்றினோம். வண்டியை நிமிர்த்தி, சமமான தரையில் வைத்து, அளவுக் குச்சியின் மேல் கோட்டுக்கு மேலே நின்ற ஒயிலை வடித்தோம். பிளக்கைத் துடைத்தோம். எயார் ஃபில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். வெளியில் வைத்து ஸ்டார்ட் பண்ணினால் முதலில் இன்னும் புகை. அத்தான் என்னைப் பார்த்தார். "சைலன்சருக்குள்ள தங்கின ஒயில் எரியட்டும், பொறுங்க" என்றேன். பத்து நிமிஷத்தில் புகை நின்றது. எஞ்சினைக் கழற்றவே தேவைப்படவில்லை.

ஆகவே, புகையைப் பார்த்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள்.

வெள்ளைப் புகை: நம்ம பக்கம் பனிக் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மெல்லிசாக வந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால், அது வெறும் நீராவி. பயப்பட வேண்டாம். மறையாமல் வந்துகொண்டே இருந்தால் பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

கறுப்புப் புகை: பெற்றோல் கூடுதலாக, காற்று குறைவாகப் போகிறது. சோக் இழுத்தபடி இருக்கிறதா, எயார் ஃபில்டர் அடைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும்.

நீலப் புகை: ஒயில் எரிகிறது. எப்போது எரிகிறது என்று கவனியுங்கள். வண்டி சரிந்து விழுந்த பிறகு வந்தால், ஒயில் உள்ளே வழிந்திருக்கும். கொஞ்சம் ஓடினால் நிற்கும். இரவெல்லாம் நின்று காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்தால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஏற்றத்தில் முறுக்கும்போது வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இந்தக் கடைசி இரண்டுக்கும்தான் கராஜ் தேவை.

பிளக்கும் சாட்சி சொல்லும். இளம் மண்ணிறம் என்றால் சுகம். காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூட. ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஒயில். செலவில்லாத காரியத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் செலவுள்ள காரியத்துக்குப் போக வேண்டும்.

இதிலே தலைகீழான தவறும் உண்டு. ஒரு தம்பி கொந்தராத்துக்குப் புல்லு வெட்டப் போனவர், "புகை வருது, ஒயில் வேணாம்" என்று டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு வெறும் பெற்றோல் ஊற்றினார். அன்றைக்கே பிஸ்டன் இறுகி மெஷின் நின்றது. கடன் வாங்கி வாங்கிய மெஷின். கடன் மட்டும் மிஞ்சியது. டூ ஸ்ட்ரோக்கில் இலேசான புகை அதன் இயல்பு. 50க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லீட்டருக்கு 20 மில்லிலீட்டர் ஒயில். 25க்கு 1 என்றால் 40 மில்லிலீட்டர். மெஷினோடு வந்த புத்தகம் சொல்கிற அளவுதான் கணக்கு. கண் மட்டத்துக்கு ஊற்றாதீர்கள். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலக்கவும் வேண்டாம். புகையும் கரியும் கூடும், எஞ்சினும் கெடும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, அந்த மலிவும் அப்போது குறைந்தது.

இனி முக்கியமான விஷயம். கட்டைபறிச்சானில் மார்கழி, மழைக்காலம். இரண்டு நாள் கழித்து நல்ல மழை. மருமகன் வண்டியைப் பின்பக்கத்து அறைக்குள் ஏற்றி, கதவைச் சாத்தி, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். புகைதான் இல்லையே என்ற தைரியம். அக்கா தேடிப் போய்க் கதவைத் திறந்தால், பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடி சுவரோடு சாய்ந்து கிடந்தான். தூக்கி வெளியில் கொண்டுவந்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா இன்றைக்கும் சொல்லி அழுவாள். வண்டியைத் திருத்திக் கொடுத்த நான், இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டேன். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

எஞ்சின் புகையில் கார்பன் மொனொக்சைட் என்ற நஞ்சுக் காற்று உண்டு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் புகுந்து, உயிர்க்காற்று போகிற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைசுற்று, வாந்தி, பிறகு மயக்கம். கண்ணுக்குப் புகை தெரியாவிட்டாலும் அது இருக்கும். நம்ம லயக் காம்பராவுக்கு ஜன்னல் சின்னது. குளிருக்கு அடைத்தும் வைக்கிறோம். அதற்குள் எஞ்சினை ஒரு நிமிஷமும் ஓடவிடக் கூடாது. இராக்குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவதும் இதே ஆபத்துத்தான். யாருக்காவது இந்த அறிகுறி கண்டால் கதவைத் திறந்து, ஆளை வெளியே தூக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தூங்கட்டும் என்று விடாதீர்கள்.

இன்னும் மூன்று சொல். பெற்றோலைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள், பிள்ளை குடித்துவிடும். அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். ஹெல்மட் இல்லாமல், பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையை வண்டியில் ஏற்றாதீர்கள். பொது ரோட்டுக்கு விடவே கூடாது.

பிள்ளை ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுப்பது பெற்ற மனது. அதை எப்படிப் பாவிப்பது என்று சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதுதான் பெற்றவர் கடமை.